ஒன்பதாம் வளைவில் அமைதி

அழக் கூடாது. இங்கே அழுதால் அதையும் அளந்துவிடுவார்கள். எத்தனை நொடி, எவ்வளவு உயரம், எப்போது தணிந்தது என்று கோடாக்கித் திரையில் போட்டுவிடுவார்கள். வெங்காயத்தை எடு, மிர்துளா. சின்ன வெங்காயம். காம்பைக் கிள்ளு. நகத்தால் தோலை நெம்பு. அடுத்ததை எடு.

மேசைக்கு அடியில் அவளுடைய வலது கட்டைவிரல் இல்லாத வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கிருபாகர் அதை மனவுறுதி என்று எடுத்துக்கொண்டார். அவர் பந்தய வாரியத்தின் செயலர். மரியாதையான மனிதர், எல்லோருக்கும் காபி வந்த பிறகுதான் தன் கோப்பையைத் தொடுவார். மிர்துளா பன்னிரண்டு ஓட்டுநர்களுக்கு மனப்பயிற்சி கொடுப்பவள். பத்து நாளாகப் பதினொரு பேருக்கு.

சுவரை நிறைத்த திரையில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. பன்னிரண்டாவது ஓட்டுநரான ஜெசிந்தாவின் கடைசிப் பதினொரு நொடிகள். இடது ஓரத்தில் தொடங்கி நூல் பிடித்ததுபோல நேராகப் போய், வலது ஓரத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அது நின்ற இடத்தில்தான் வண்டி சுவரில் மோதியது.

பந்தய வண்டி தானாக பிரேக் பிடிக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் பழைய பிடிவாதம். இயந்திரமே ஓட்டினால் அதை யார் பார்ப்பார்கள் என்பார்கள். ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே சீசனில் மூன்று பேர் செத்தார்கள். அப்போது வந்த சமரசம்தான் இந்தத் தலைக்கவசம். ஓட்டுநரின் மூளையில் பயம் எழுந்தால், அது அவருக்கே தெரிவதற்கு அரை நொடி முன்பே கவசம் அதைப் பிடித்துவிடும். கால் அசைவதற்குள் வண்டியின் வேகம் குறைந்துவிடும். பயப்படுவது மனிதர், பிரேக் போடுவது வண்டி. விளையாட்டின் மானமும் போகவில்லை, உயிரும் போகவில்லை. ஒன்பது ஆண்டுகளில் ஒரு மரணம்கூட இல்லை என்று வாரியம் எல்லா மேடைகளிலும் சொல்லிக்கொண்டிருந்தது.

மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. பயந்தால் வண்டி மெதுவாகும் என்றால், பயப்படாதவர் ஜெயிப்பார். இரண்டாவது சீசனிலேயே அணிகள் இதைக் கண்டுகொண்டன. மூன்றாவது சீசனில் மிர்துளாவுக்கு வேலை கிடைத்தது.

அவள் முறை எளிமையானது. ஒவ்வொரு ஓட்டுநரிடமும் கையால் செய்யும் ஒரு சின்ன வேலையைக் கேட்பாள். அவர்கள் சிறு வயதிலிருந்தே பார்த்த, தெரிந்த வேலை. அதை வாரக்கணக்கில் உட்கார வைத்து மனத்துக்குள் செய்யப் பழக்குவாள். வளைவுக்குள் நுழையும்போது அந்த வேலையைத் தொடங்கி, வெளியே வந்ததும் முடிக்க வேண்டும். கைகள் வண்டியை ஓட்டும், மனம் அங்கே இருக்கும். பயம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே கவசத்துக்குத் தெரியும். மனத்தில் ஓடும் படம் தெரியாது.

"இந்தக் கோட்டப் பாருங்க மேடம்" என்றார் கிருபாகர். "ஒம்பது வருஷ ரெக்கார்டுல இவ்வளவு சுத்தமான அமைதி யாருக்கும் வரல. நம்ம பொண்ணு எவ்வளவு பெரிய விஷயத்த விட்டுட்டுப் போயிருக்கா."

அவர் குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. அதுதான் மிர்துளாவுக்குத் தாங்கவில்லை. பொய்யாக இருந்தால் வெறுப்பது எளிது.

பிறகு அவர் விளக்கினார். போன சீசனில் முப்பத்தொரு மோதல்கள் நடந்தன. அவற்றில் பாதிக்கு மேல், யாரோ ஒருவர் வீணாகப் பயந்து வண்டி திடீரென்று மெதுவாகி, பின்னால் வந்தவர் இடித்ததால். ஆக, வீண் பயத்தைக் குறைத்தால் பாதுகாப்பு கூடும். கவசத்துக்குள் மெல்லிய மின்னோட்டம் கொடுத்து ஜெசிந்தாவின் இந்த அமைதியை எல்லா ஓட்டுநர்களுக்கும் வளைவில் ஊட்டலாம். சோதனை செய்தாகிவிட்டது. ஒரே குறை, படம் இல்லாமல் மின்னோட்டம் மட்டும் கொடுத்தால் இரண்டே நொடியில் கலைந்துவிடுகிறது. அவள் எதை நினைத்துக்கொண்டிருந்தாளோ அதையே மற்றவர்களும் நினைத்தால் நிற்கும்.

"அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சட்டப்படியும் பதிவு உங்களுதுதான்" என்று ஒரு படிவத்தை நகர்த்தி வைத்தார்.

சேரும்போது ஓட்டுநர்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்கள் எண்ணப் பதிவைப் புரிந்துகொள்ளக் கூடியவர் யார்? ஓட்டுநருக்கு ஏதாவது ஆனால் பதிவு அவருக்குத்தான் சேரும். எல்லோரும் மனைவி பெயரையோ அப்பா பெயரையோ எழுதியிருந்தார்கள். ஜெசிந்தா மட்டும் கேள்வியை அப்படியே நம்பி மிர்துளாவின் பெயரை எழுதிவிட்டாள்.

"அவ செத்தது இந்த அமைதியிலதானே சார்?"

"விசாரணை முடியலையே மேடம். முன்னாடி சுழண்டு நின்ன வண்டி, தூசி, வெயிலு, ஆயிரம் காரணம் இருக்கு." கோப்பையை வைத்தார். "பேரு 'ஜெசிந்தா காப்பு'ன்னு வைக்கறோம். வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள சொன்னீங்கன்னா போதும்."

வெளியே போகும் நடை நீளமானது. இரண்டு பக்கமும் பித்தளைப் பட்டயங்கள். இந்த விளையாட்டில் பாதுகாப்புக்கு எது புதிதாக வந்தாலும் அது யார் செத்ததால் வந்ததோ அவர் பெயரை வைப்பது வழக்கம். கழுத்தைப் பிடிக்கும் பட்டை மெல்வின் பட்டை. தலைக்கு மேலே வளைந்திருக்கும் இரும்பு சிவநேசன் வளையம். தீப்பிடிக்காத உடை ஹர்ஷத் உடை. ஓட்டுநர்கள் தினமும் காலையில் செத்தவர்களை ஒவ்வொருவராக உடுத்திக்கொண்டு வண்டியில் ஏறுவார்கள். முதல் நாள் இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்த ஜெசிந்தா, "எனக்கு ஒரு நட்டு போதும்க்கா, சின்னதா, துரு பிடிக்காதது" என்று சிரித்தாள். மிர்துளாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் கணபதி பகுதிக்குப் போனாள். ஜெசிந்தாவின் அப்பா சகாயராஜின் லேத் பட்டறை அங்கேதான். அடக்கத்தன்று அவரிடம் பேச முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவர் யாரையும் பார்க்காமல், பெட்டியின் கைப்பிடி சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடங்களாக அந்தப் பட்டறை மிர்துளாவுக்குத் தெரியும். ஜெசிந்தா தேர்ந்தெடுத்த வேலை அதுதான். அப்பாவின் லேத்தில் ஒரு இரும்புத் தண்டு சுற்றுகிறது. வெட்டுளி அதைத் தொடுகிறது. சீவல் சுருண்டு சுருண்டு வருகிறது, நீல நிறத்தில், ரிப்பன் மாதிரி. ஓட்டுநர்களிடம் மிர்துளா சொல்லும் குரலில் அவளிடமும் சொல்லியிருக்கிறாள்: சுருள் அறுந்துபோகாமல் வரட்டும். இன்னும் நீளமாக. இன்னும். அறாதவரை நீ அமைதியாக இருக்கிறாய். முதல் நாள் ஜெசிந்தா கண்ணை மூடியபடியே, "எங்கப்பா பாத்தா திட்டுவாருக்கா" என்றாள். ஏன் என்று மிர்துளா கேட்கவில்லை. பயிற்சியில் குறுக்குப் பேச்சு கூடாது என்பது அவளுடைய விதி.

நேரில் பட்டறை வேறு மாதிரி இருந்தது. மனத்தில் சத்தமே இல்லாமல் இருந்த இடத்தில் சத்தம் பல்லைக் கூசவைத்தது. நான்கு கணினி இயந்திரங்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் தம் போக்கில் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் கையால் ஓட்டும் ஒரு லேத்தில் சகாயராஜ் பம்புத் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். காலில் கனமான பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி. தெறித்த ஒரு துணுக்கு மிர்துளாவின் மணிக்கட்டில் விழுந்து சுரீரென்று சுட்டது.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். வாரியத்தார் இரண்டு தடவை வந்து போனதாகச் சொன்னார். அந்த ஹெல்மெட் என்னதான் செய்யும் என்று அவர்களைக் கேட்டாராம்; அவர்கள் சொன்னது ஒன்றும் விளங்கவில்லையாம். மிர்துளா முதலிலிருந்து சொன்னாள். பயந்தால் பிரேக் விழும். பயம் வராமல் இருக்கத்தான் நான் பழக்கினேன். மறைக்காமல் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, பத்து நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"கடைசில பயந்துட்டாளுங்களா அம்மிணி?"

இதற்கு ஒரு பதில் அவளிடம் இருந்தது. அது நல்ல பதில் என்றுதான் பேருந்தில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. பயமே இல்ல. அவ இங்கதான் இருந்தா. உங்க பட்டறையில, இந்த மெஷின் முன்னாடி. சுருளு அறுந்து போகாம நீளமா வர்றதப் பாத்துட்டு நின்னுட்டிருந்தா."

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் இறுகியது.

"நீளமாவா?"

"ஆமாங்க."

"ஒடைக்காமயா?"

அவளுக்குப் புரியவில்லை. சகாயராஜ் எழுந்துபோய் இயந்திரத்தை ஓட்டினார். சுருள் வரத் தொடங்கியது. மிர்துளா மூன்று வருடங்களாகச் சொல்லிக்கொடுத்த அதே நீலச் சுருள். ஒரு சாண் வருவதற்குள் அவர் வெட்டுளியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். சுருள் உடைந்து தட்டில் விழுந்தது. மறுபடி ஒரு சாண். மறுபடி உடைத்தார். பிறகு நிறுத்தினார்.

"இத ஓட உட்டா என்னாகும் தெரியுங்களா? சுத்தற தண்டுல போயி மாட்டும். மாட்டுச்சுன்னா சாட்ட மாதிரி வீசும். கைல சுத்துனா எலும்போட எடுத்துட்டுப் போயிரும். எங்கூடத் தொழில் பழகுன ஒருத்தனுக்கு அப்படித்தான் போச்சு." தன் முழங்கைக்குக் கீழே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "என்ற புள்ள ஏழு வயசுல இங்க வந்து நின்னப்ப மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதானுங்க. தலைய இறுக்கிக் கட்டு. வளையலக் கழட்டு. சுருளு நீளமா வந்துச்சுன்னா பயப்படு. இந்த மெஷினு முன்னால பயப்படாம நிக்கறவன் முட்டாளு. முப்பத்தஞ்சு வருஷமா நான் பயந்துட்டுத்தான் நிக்கறேன். அதனாலதான் பத்து வெரலும் இருக்குது."

மிர்துளா அவருடைய விரல்களைப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

"பயமில்லாமச் செத்தாள்னு சொல்லி என்னயத் தேத்தறீங்களா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "பயந்திருக்கோணுமுங்க. அவ பயந்திருக்கோணும். பயந்திருந்தா இந்நேரம் வந்து எங்கூடச் சண்ட போட்டுட்டு இருந்திருப்பா."

வாசல்வரை வந்து, வெயிலாக இருக்கிறது, ஆட்டோ பிடித்துப் போங்கள் என்றார்.

அவள் ஆட்டோ பிடிக்கவில்லை. நடந்தாள். நடக்க நடக்க, தன் முறை எங்கிருந்து வந்தது என்பதை முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

மாநாடுகளில் அதை அவள் 'இடமாற்றக் கவனம்' என்று சொல்லுவாள். வரைபடங்கள் போடுவாள். உண்மையில் அதை அவள் கண்டுபிடித்தது ஒரு சமையலறை வாசலில். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கணவன் கத்திக்கொண்டிருப்பான். கை எப்போது ஓங்கும் என்று தெரியாது. அந்த நேரத்தில் அவள் மனத்துக்குள் சின்ன வெங்காயம் உரிப்பாள். ஒரு படி வெங்காயம். உரித்து முடிப்பதற்குள் அவன் ஓய்ந்துவிடுவான். முகத்தில் எதுவும் தெரியாது. 'உனக்குப் பயமே கிடையாதாடி' என்று அவனே ஒருநாள் கேட்டான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். பயம் இருந்திருந்தால் முதல் வருடத்திலேயே அந்த வீட்டை விட்டு ஓடியிருப்பாள். ஏழு வருடங்கள் இருந்தாள். இடது காது கேட்காமல் போன பிறகுதான் வெளியே வந்தாள். வெளியே வந்தவள் அதே வெங்காயத்தை அறிவியலாக்கி, நல்ல உடை போட்டு, இளம் பிள்ளைகளுக்கு விற்றாள்.

தன்மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அது வந்ததும் வழக்கம்போல விரல் அசைந்தது. அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

பந்தயத் தளம் பல்லடத்துக்குத் தெற்கே காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. மதியம் அங்கே போய் இஷாக்கைத் தேடினாள். தலைக்கவசத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். ஜெசிந்தா மோதிய ஒன்பதாம் வளைவைக் காட்டச் சொன்னாள். இத்தனை வருடங்களில் அவள் தளத்துக்குள் காலே வைத்ததில்லை. அவள் வேலை முழுக்கக் குளிரூட்டிய அறையில்.

வளைவின் வெளிப்பக்கம் சுவர். சுவரை ஒட்டி மூன்றடுக்குப் பார்வையாளர் மாடம். மாடத்தின் கீழ்வரிசையில் உட்கார்ந்தால் டயரின் சூடு முகத்தில் அடிக்கும் என்று விளம்பரம் செய்வார்கள். இஷாக் தரையைக் காலால் தேய்த்துக் காட்டினான். முன்பு இங்கே அறுபது மீட்டருக்கு மணலும் சரளையும் கொட்டியிருந்தார்களாம். தடம் தவறும் வண்டி அதில் புதைந்து நின்றுவிடும். தலைக்கவசம் வந்த பிறகு அதை அள்ளிவிட்டு மாடம் கட்டினார்கள். இந்த வளைவில் மட்டும் மணலைத் திரும்பக் கொட்டுங்கள் என்று ஓட்டுநர்கள் போன வருடம் மனு கொடுத்தார்கள். வாரியம் ஒரு வரியில் பதில் அனுப்பியது: தலைக்கவசம் இருக்கையில் மணல் தேவையற்றது.

"மனு யாரு எழுதுனது?"

"ஜெசிந்தாதான் மேடம். அவ கையெழுத்து அழகா இருக்கும்ல" என்ற இஷாக், தன் போனில் இருந்த நகலை அவளுக்கு அனுப்பினான்.

அவள் மனு கொடுத்தது மிர்துளாவுக்குத் தெரியாது. பயிற்சி அறையில் அவள் அந்த வளைவைப் பற்றி ஒருமுறை பேச்செடுத்தாள். சுருளைப் பார் என்று மிர்துளா சொன்னாள். அவள் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பெண் பயமாக இருக்கிறது என்று ஊரில் இருக்கிற எல்லோரிடமும் மரியாதையாக, அழகான கையெழுத்தில் சொல்லியிருக்கிறாள். வாரியம் கவசத்தைக் காட்டியது. கவசம் அமைதியைக் கேட்டது. அமைதியை இவள் கொடுத்தாள். மணலோ நீ பயப்படுகிறாயா என்று யாரையும் கேட்காமலே நிறுத்திவிடும்.

'ஜெசிந்தா காப்பு' வந்தால் என்ன ஆகும் என்று இஷாக்கிடம் கேட்டாள்.

"யாரும் பயப்பட மாட்டாங்க. பிரேக் விழறது கொறையும். ஒரு சுத்துக்கு மூணு நொடி மிச்சம். வெளிநாட்டு டீம் எல்லாம் இதக் கேட்டு இப்பவே வரிசைல நிக்கறாங்க." சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய இடத்தைப் பார்க்காமல் பேசினான். "முன்னாடி தடுப்பு இருந்தா வண்டியே பிரேக் போடற மாதிரி பண்றதுக்கு எனக்கு ஒரு நாள் போதும் மேடம். எல்லா வண்டிலயும் கேமரா இருக்கு. அதத் தொடவே கூடாதுன்னு விதி."

"அத மாத்தச் சொல்லிக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ கேட்டேன். மூணாவது தடவ கேட்டா வேலை இருக்காதுன்னாங்க. அப்புறம் கேக்கல."

அவனைக் குறை சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்தது.

அன்றும் மறுநாளும் பதினொரு ஓட்டுநர்களையும் தனித்தனியாகப் பார்த்தாள். பயிற்சி அறைக்குக் கூப்பிடாமல் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போனாள். ஒருவனை உடற்பயிற்சிக் கூடத்தில், ஒருத்தியை அவள் மாமியார் வீட்டுக் கூடத்தில். எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள். ஜெசிந்தாவின் கோட்டை நான் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. நான் பழக்கியபடியே கடைசிவரை அமைதியாக இருந்தாள். அதனால்தான் பிரேக் விழவில்லை. நான் செய்தது தவறு.

ஒருவன், 'இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்' என்று எழுந்து போனான். சபரீஷ் மட்டும் நீண்ட நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தான். போன வருடச் சாம்பியன். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுவது அவன் மனத்துக்குள் செய்யும் வேலை. காலரில் தொடங்கி, தோள், கை, முதுகு என்று வரிசையாக.

"அப்போ நான் என்னக்கா பண்றது?"

"பயப்படு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டு வேறொன்றைச் சொன்னான். தீபாவளிக்கு முந்தின வாரம் அவனுடைய இரண்டு வயதுக் குழந்தை மாடிப்படியிலிருந்து உருண்டது. அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

"கை நீட்டுனா புடிச்சிருக்கலாம்க்கா. நான் சட்ட தேச்சுட்டு இருந்தேன். மனசுக்குள்ள. எப்ப ஆரம்பிச்சேன்னே தெரியல. காலர் முடிஞ்சு தோளுக்கு வந்துட்டேன். பாப்பாவுக்கு நெத்தில நாலு தையல். என் பொண்டாட்டி அன்னைலேருந்து என்னைய ஒரு மாதிரி பாக்கறா. திட்டறதுகூட இல்ல. பாக்கறா."

மிர்துளா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு முப்பது வயது. உள்ளங்கை வியர்க்கவே இல்லை.

"மறந்து போச்சுக்கா" என்றான். "எப்படிப் பயப்படறதுன்னு."

அதற்கு அவளிடம் முறை எதுவும் இல்லை. அந்தப் படியில் மறுபடி நின்று பார் என்றாள். குழந்தையை ஒரு தடவை கூப்பிட்டுப் பார். மனத்தில் இஸ்திரிப் பெட்டி வந்தால் அதைக் கீழே வைத்துவிடு. என்ன வருகிறதோ வரட்டும். இதைச் சொல்லும்போது அவள் குரல் பயிற்சிக் குரலாக இல்லை. உடைந்து, அங்கங்கே நின்று வந்தது. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவன் தொலைபேசியில் அழைத்தான். மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது. பின்னணியில் குழந்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது. "வருதுக்கா" என்றான். வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் கிருபாகர் அவளை வரச் சொன்னார். இந்த முறை காபி வரவில்லை.

காலைப் பயிற்சி ஓட்டத்தின் நேரங்கள் திரையில் இருந்தன. பதினொரு வண்டிகளில் எட்டு, ஒரு சுற்றுக்கு ஆறு நொடி பின்தங்கியிருந்தன. ஒன்பதாம் வளைவில் சபரீஷின் வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. அணிகள் போன் மேல் போன் செய்கின்றன, விளம்பரம் கொடுப்பவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஓட்டுநர்களிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார்.

"நடந்தத."

"அவங்க பயந்துட்டிருக்காங்க மேடம்."

"ஆமாங்க."

"பயத்தோட ஓட்டி யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

"பயந்தா வண்டி நிக்கும். அதுக்குத்தான ஹெல்மெட் செஞ்சீங்க. ஒம்பது வருஷத்துல இன்னைக்குத்தான் அது சரியா வேல செஞ்சிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்பட அவருக்குப் பழக்கமில்லை, மரியாதையாகவே மிரட்டினார். விசாரணை அறிக்கை தயாராக இருப்பதாகச் சொன்னார். இரண்டு விதமாக முடிக்கலாம். முன்னால் நின்ற வண்டி, தூசி என்று முடிக்கலாம். இல்லையென்றால், பயிற்சியாளர் ஓட்டுநரின் இயல்பான எச்சரிக்கை உணர்வை அழித்துவிட்டார் என்றும் முடிக்கலாம்.

"ரெண்டாவத எழுதுங்க" என்றாள் மிர்துளா. "அதுதான் உண்மை. கூடவே மணல அள்ளுனது யாருன்னும் எழுதுங்க. மனுவோட நகல் எங்கிட்ட இருக்கு, அவ கையெழுத்துலயே. நீங்க எழுதலைன்னா நான் எழுதிக் குடுக்கறேன்."

கிருபாகர் குரலை மாற்றிக்கொண்டார். சண்டை வேண்டாம், எல்லோரும் துக்கத்தில் இருக்கிறோம் என்றார். கீழே போய் ஓட்டுநர்களிடம் பத்தே பத்து நிமிடம் பேசுங்கள், பழையபடி அமைதியாக்குங்கள், ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடியட்டும், மணலைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். ஜெசிந்தாவின் பெயர் உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு தலைக்கவசத்திலும் இருக்கும் என்றார். அவள் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம்.

"அவ பேர எதுக்கும் வைக்காதீங்க சார்."

"அவங்க அப்பாவே கையெழுத்துப் போட்டுட்டார் மேடம்" என்று அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

மிர்துளா தாளை வாங்கிப் பார்த்தாள். அது சம்மதம் இல்லை. குடும்பத்தாரிடம் வாங்கும் விவரப் படிவம். பெயர், முகவரி, உறவுமுறை. கடைசியில் ஒரு கேள்வி: பயிற்சியின்போது ஓட்டுநர் எதை நினைப்பார் என்பது குறித்து உங்களுக்குத் தெரிந்ததை எழுதவும். பட்டறைச் சீட்டுகளில் அளவு எழுதிப் பழகிய, அழுத்தமான, தனித்தனி எழுத்துக்களில் சகாயராஜ் ஒரே சொல் எழுதியிருந்தார்.

தெரியாது.

தேதியைப் பார்த்தாள். நேற்று. அவளே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்ததற்கு மறுநாள்.

அந்தச் சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டாள். கிருபாகர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். அவள் அதை எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்தது மேசைமேல் சொட்டியது.

"அப்பாவுக்குத் தெரியல, பாவம்" என்றார் அவர் மெதுவாக. "உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரே ஒரு வரி. நீங்க கையெழுத்துக்கூட அப்புறம் போடலாம். அவ என்ன நெனச்சுட்டு இருந்தா, அத மட்டும் சொல்லுங்க."

கீழே தளத்தில் பிற்பகல் ஓட்டம் தொடங்கியிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக வளைவை நெருங்கி, மெதுவாகி, கடந்து போகும் சத்தம் கண்ணாடி வழியே கேட்டது. மிர்துளா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்றும் கடந்த பிறகு தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"மாட்டேன் சார்" என்றாள்.